குறிகட்டுவானில் வள்ளம் ஏறுமுன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

 

பாடசாலை விடுமுறை நெருங்கினால் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கும் எம் சொந்தங்களிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது. "யாழ்ப்பாணத்தில இருந்து கப்பல் போகுதாமே, பிள்ளைகளோட போகலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டோம். ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். சரித்திர பாட ஆசிரியரிடம் வழி கேட்டால் வழியோடு சரித்திரமும் சேர்ந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் என்று நீங்கள் கேட்பது எதை என்பது எமக்கு விளங்குகிறது. 2023 ஜூன் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதன் படங்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் சுற்றின. அதே ஆண்டு ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. நாலு மணித்தியாலம் அளவில் அக்கரை. நாகூர் தர்கா நாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எம்மவர் பலருக்கு அந்தப் பயணத்தில் தனி ஆசை. கடவுச்சீட்டும் விசாவும் எடுத்து, கப்பல் ஓடும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துப் போகக்கூடியவர்கள் தாராளமாகப் போகலாம்.

ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு வேறொரு கப்பல் இருக்கிறது. யாழ் நகரிலிருந்து 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் தெரியும் நீண்ட தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே நயினாதீவுக்கு ஒரு வள்ளம், நெடுந்தீவுக்கு ஒரு வள்ளம். சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனது அந்த வழியில்தான். மனைவி, பிள்ளைகள் இருவர், உம்மா, அவரோடு எண்பது வயதைத் தாண்டிய எங்கள் உம்மம்மா.

உம்மம்மா வருவார் என்று வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. அவர் வள்ளத்தில் ஏறி முப்பத்துநாலு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்தக் கடலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. அவர் ஆண்ட காலம் 1153 முதல் 1186 வரை. சிங்கள மன்னன் ஒருவனின் கட்டளை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதையே வகுப்பில் பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். அதன் சாரம் இதுதான். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

யானைக்கும் குதிரைக்கும் ஏன் அந்தச் சலுகை என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அரசனுக்குப் படைக்கு அவை தேவைப்பட்டன. கொண்டுவருபவன் நட்டப்பட்டு ஓடிவிட்டால் அடுத்த தடவை யார் கொண்டுவருவார்? எண்ணூறு ஆண்டுக்கு முந்திய காப்புறுதி என்று எங்கள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதற்குப் பெயர் வைத்தான். அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் அங்கே யானை ஏற்றுவதற்குத் துறை வைத்திருந்தார்கள். துறைக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்துதான் 'கயிற்ஸ்' என்ற பெயர் வந்தது. பக்கத்து அல்லைப்பிட்டியில் 1977இல் கிடைத்த சீனப் பாத்திரத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், இன்று ஆடு மேயும் அந்தக் கரை ஒருகாலத்தில் எத்தனை பாஷை கேட்ட கரை என்று தெரியும்.

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். அந்தக் காப்பியத்தில் எங்களை எப்போதும் தொந்தரவு செய்யும் ஒரு காட்சி உண்டு. நாக நாட்டு இளவரசி பீலிவளை, சோழ மன்னனுக்குப் பிறந்த தன் கைக்குழந்தையை மணிபல்லவத்தில் ஒரு வணிகனிடம் ஒப்படைத்துக் கப்பலில் அனுப்புகிறாள். அன்று இரவே கப்பல் உடைந்துபோகிறது. இந்தக் கடலைப் பற்றிய மிகப் பழைய கதையிலேயே வள்ளத்தில் ஒரு குழந்தை இருக்கிறது, அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்ற பதைப்பும் இருக்கிறது.

எம்மவர் ஒருவரின் அனுபவமும் உண்டு. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர் என்று அரபிகள் அழைத்த தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். காற்று திசைமாற்றி அவரை இலங்கையின் மேற்குக் கரையில் பத்தாலா என்ற ஊரில் கொண்டுவந்து விட்டது. புத்தளம் அதுவே என்பது பலர் கருத்து. அங்கே யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் குவித்து வைத்திருந்தான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், அவன் கப்பல்கள் யெமன் வரை போயின என்றும் பதூதா எழுதுகிறார். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, பாவா ஆதம் மலையைப் பார்க்கவேண்டும் என்றார். பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தான்.

இவ்வளவும் எங்கள் ஊர்க் கூட்டங்களில் பலர் சொல்வதுதான். அதற்குப் பின் நடந்ததை யாரும் சொல்வதில்லை. மலையிலிருந்து திரும்பி மஃபருக்குக் கப்பல் ஏறியவரின் கலம், அக்கரையை நெருங்கும் வேளையில் ஆழமில்லாத கடலில் அகப்பட்டுக்கொண்டது. பாய்மரத்தை வெட்டிப் போட்டு மாலுமிகள் மிதவை கட்டினார்கள். பதூதா தன்னோடு வந்த தோழர்களையும் பெண்ணையும் மிதவையில் அனுப்பிவிட்டு, இரவு முழுதும் உடைந்த கப்பலின் பின்பக்கத்தில் தனியாக இருந்தார். காலையில் கரையிலிருந்து வந்த அயல் மதத்தவர் அவரை மீட்டார்கள். பாக்கு நீரிணையின் குணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். பார்த்தால் குளம்போல் கிடக்கும். அடியில் மணல்திட்டு இருக்கும், மேலே காற்று ஒரு மணித்தியாலத்தில் மாறும்.

ஆகவே நாட்களைத் தெரிவது முக்கியம். சோழகம் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை நெடுந்தீவுப் பயணம் குடலைப் பிரட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை கடல் பெரும்பாலும் அமைதி. காலை முதல் வள்ளத்தைப் பிடியுங்கள், பகலேற ஏறக் காற்றும் கூடும். நேரசூசி மாறிக்கொண்டே இருக்கும், முகநூலில் பார்த்ததை நம்பாமல் முதல்நாள் யாரிடமாவது கேளுங்கள். வயது போனவர்களை நடுப்பகுதியில் இருத்துங்கள், முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு மூன்று பொலித்தீன் பையும் கையில் இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் விடயத்தில் வெட்கப்படாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஏறிய ஒரு வள்ளத்தில் அவற்றை மூட்டையாகக் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு "பதினஞ்சு நிமிசம் தானே சேர்" என்றார் ஒருவர். நாங்களும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எமக்குக் கூச்சமாக இருக்கிறது, மடியில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரித்தோம். இப்போது கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்குக் கொழுவி, வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் இருக்கிறோம். சனம் நெருக்கினால் அடுத்த வள்ளத்துக்கு நிற்கிறோம். நயினாதீவுத் திருவிழா நாட்களில் அந்த நெருக்கடி இருக்கும், வெறும் சுற்றுலாவுக்கு அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

இந்தக் கரை மக்கள் கடலுக்குப் பயந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் வாங்கினார். அது அட்லாண்டிக்கைத் தாண்டி 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. பெயரைத் தன் மனைவியின் பெயராக மாற்றிவிட்டார் அந்த மனிதர். அது வேறு கதை.

ஒல்லாந்தரும் பெயர் மாற்றியவர்கள்தான். காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். கடைசி ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேரம் இருந்தால் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் 'பாதை'யில் ஏறிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய கப்பல். கடல் நடுவே தெரியும் கோட்டை ஹமன்ஹீல். 1658இல் உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இல்லாமல்தான் அதை ஒல்லாந்தரிடம் விட்டார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. நெடுந்தீவுக்குப் போகும்போது போத்தலில் தண்ணீர் கொண்டுபோகச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை. அங்கே நிழலும் குறைவு. பெருக்குமரத்தடியில் நிற்கலாம். அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

இப்போது உம்மம்மாவின் கதைக்கு வருகிறோம்.

உம்மாவின் ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி, வாப்பாவின் ஊர் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதை இங்கே வாசிக்கும் பலர் உடம்பால் அறிந்தவர்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தவர் ஜின்னா மைதானத்தில் கூட்டப்பட்டுச் சில மணித்தியாலத்தில் தரைவழியே போனார்கள். அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். மன்னார்த் தீவு மக்கள் பெரும்பாலும் கடல்வழியே போனார்கள் என்பது எம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தெரியாது.

கடற்கரையில் காத்திருந்தார்கள், சிலர் நாட்கணக்கில். மழை. வந்த வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். அவை மீன்பிடிக்கும் வள்ளங்கள், மனிதரை ஏற்றக் கட்டியவை இல்லை. உம்மம்மா தன் ஐந்து பிள்ளைகளின் கைகளையும் ஒரே சேலைத் துண்டால் வரிசையாகக் கட்டியிருந்தாராம். "ஒண்டு விழுந்தா எல்லாம் விழும், ஆனா ஒண்டை மட்டும் விட்டுட்டு நான் கரை ஏற ஏலாது" என்று உம்மா சின்னவராக இருக்கும்போதே சொல்லிக்கொடுத்ததை உம்மா எங்களுக்குச் சொன்னார். உம்மம்மா தானாக ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பெற்றோர் புத்தளத்தில் முகாம் வாழ்க்கையில் கண்டு கல்யாணம் முடித்தார்கள். நாங்கள் அங்கே பிறந்தோம். உம்மம்மா கடலோரத்தில்தான் வாழ்ந்தார், வள்ளத்தில் மட்டும் ஏறவில்லை.

குறிகட்டுவானிலும் அவர் இறங்குதுறைக் கொட்டகையில் இருந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க வாப்பா, நான் இதுல இருக்கிறன்" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. உம்மா அவரோடு நிற்பதாகச் சொன்னார்.

அப்போது பக்கத்தில் இருந்த நெடுந்தீவுப் பெண்மணி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவரும் அறுபது தாண்டியவர். "ஏன் அம்மா, கடல் பயமோ?" என்று கேட்டார். உம்மம்மா ஒரே வரியில் கற்பிட்டிக்குப் போனதைச் சொன்னார். அந்த அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு குமுதினியைச் சொன்னார்.

1985 மே 15. நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து வழமைபோல் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்கள் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள். அந்த அம்மாவின் உறவினர் ஒருவரும் அதில் போனவர். "பிறகும் நாங்கள் அதே படகிலதான் அம்மா போய் வந்தனாங்கள். வேற வழி என்ன இருக்கு, ஆசுபத்திரியும் பள்ளிக்கூடமும் இஞ்சாலை தானே" என்றார்.

நாங்கள் வகுப்பில் தேதியாகச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு விடயங்கள் ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தன. இரண்டையும் எம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தோம். தொண்ணூறுகளில் தரைவழி அடைபட்டபோது எம் தமிழ்ச் சகோதரர்கள் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைச் சிறு படகுகளில் கடந்ததையும், அதில் பலர் சுடப்பட்டு இறந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியபிறகு காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் கதையை மட்டும் சொன்னால் பிள்ளை பாதிக் கடலைத்தான் பார்க்கும். இதற்கு எம்மவர் சிலர் கோபிப்பார்கள் என்று தெரியும், கோபியுங்கள், பரவாயில்லை.

நயினாதீவு வள்ளம் வந்து நின்றது. அந்த அம்மாவின் நெடுந்தீவு வள்ளத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் எழுந்து உம்மம்மாவின் கையைப் பிடித்து, "வாங்கோ, இது கிட்டத்தான், நான் ஏத்திவிடுறன்" என்றார். உம்மம்மா எங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

நயினாதீவில் என்ன பார்த்தோம் என்று நீட்டவில்லை. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் உள்ள சிறு தீவு அது. புத்தர் நாக அரசர்களின் பிணக்கைத் தீர்க்க வந்த இடம் என்று மகாவம்சத்தை வைத்துச் சிங்கள மக்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறோம், புரியாணிப் பொதி கட்டிக்கொண்டு போகாதீர்கள். அது மச்சம் விலக்கி மக்கள் வரும் இடம். நாங்கள் மரக்கறிச் சோறு கொண்டுபோனோம், லுஹர் தொழுதோம், மாலைக்கு முன் திரும்பினோம்.

திரும்பும்போது உம்மம்மா நடுவில் இருந்தார். ஒரு கையால் எங்கள் சின்ன மகளின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்திருந்தார். அதை விடவில்லை. பாதிவழியில், "கற்பிட்டி எந்தப் பக்கம் மகன்?" என்று கேட்டார். தெற்குப் பக்கம் கையைக் காட்டினோம். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். குறிகட்டுவானில் இறங்கியதும் கச்சான் வேண்டும் என்றார், இரண்டு சரை வாங்கிக் கொடுத்தோம்.

இப்போது நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்கிறார். குதிரை பார்க்கவேண்டுமாம், அந்த அம்மாவின் வீட்டையும் விசாரித்துப் பார்க்கவேண்டுமாம். அது ஒரு மணித்தியாலக் கடல். இன்ஷா அல்லாஹ், சோழகம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை பார்த்துக் கூட்டிப்போகப் பார்க்கிறோம். கூட வர விரும்பும் குடும்பங்கள் கீழே சொல்லுங்கள், ஒரே வள்ளத்தில் இடம் கேட்கலாம்.